துரைசாணியம்மாளுக்கு ஒரு பாராட்டு விழா

மாலையைக் கழற்றலாமென்று ஹெஸ்டர் கையை உயர்த்தினாள். பக்கத்து நாற்காலியிலிருந்து அருளம்மை டீச்சர் சாய்ந்து, "போட்டோக்காரர் இன்னும் வரலம்மா, கொஞ்சம் அப்படியே இருக்கட்டும்" என்றாள். உயர்ந்த கை பாதியில் நின்று, கும்பிடத்தான் எழுந்தது போல ஒரு பாவனை செய்துவிட்டு மறுபடி மடிக்கு வந்தது. பந்தலில் முன்வரிசையிலிருந்த யாரோ அதைப் பார்த்துத் தானும் கும்பிட்டார். ரோஜாவும் சம்பங்கியும் நெருக்கிக் கட்டி, ஜரிகை சுற்றி, தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கனம் ஏற்றிய மாலை. ஒரு கைப்பிள்ளையைக் கழுத்தில் தொங்கவிட்டது போலிருந்தது. ஈரம் சட்டையைத் தாண்டி நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. அதோடு எறும்பு வேறு. மாலைக்குள்ளிருந்து கிளம்பிய ஒற்றை எறும்பு காதுக்குக் கீழே எங்கோ நின்று யோசித்துக்கொண்டிருந்தது. கடித்துத் தொலைத்தால் தேவலை. கடிக்காமல் நிற்பதைத்தான் தாங்க முடியவில்லை. கடித்தால் முகம் கோணும், கோணினால் அம்மாவுக்கு உடம்புக்கு என்னவென்று நாலு பேர் மேடையேறி வந்து விசிறுவார்கள், ஒருவர் சோடா உடைப்பார், ஒருவர் டாக்டருக்கு ஆளனுப்புவார், பிறகு ஒரு வாரம் ஊர் முழுக்க அந்தப் பேச்சாக இருக்கும். எனவே கோணக் கூடாது. கல்யாண வீட்டுக்கு வாடகைக்குக் கொடுக்கும் சிவப்பு வெல்வெட் நாற்காலியில் அவளை உட்கார்த்தியிருந்தார்கள். கைப்பிடியில் இரண்டு சிங்கத் தலைகள். மணமகன் நாற்காலி இது, மணமகளுடையதில் அருளம்மை உட்கார்ந்திருந்தாள். மேடைப் பலகைக்கு அடியில் தார் டின்கள். யாராவது நடந்தால் எல்லாம் சேர்ந்து ஒரு தரம் மூச்சு விட்டது.

நகர்மன்றத் தலைவர் தில்லைநாயகம் மைக்கைப் பிடித்து வெகு நேரமாகிவிட்டது. "நம்முடைய அம்மையார் யார்" என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதில் தெரியாதவர்களுக்கு அவகாசம் கொடுப்பது போல நிறுத்தினார். "இங்கிலாந்து தேசத்தில் ஒரு ஏர்ல் பிரபுவின் செல்வத் திருமகள். தங்கத் தட்டில் சாப்பிட்டவர்கள். அரசர் முன்னிலையில் நின்றவர்கள். அந்தச் சுகத்தையெல்லாம் தூசென உதறிவிட்டு இந்த நல்லமங்கலத்துக்கு வந்து, ஒரு பருத்திக் கிட்டங்கியில் நம் பெண் குழந்தைகளை உட்கார வைத்து ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுத்தார்கள். சென்னைச் சட்டசபைக்குப் போய் நமக்காக வாதாடினார்கள். வெள்ளைக்காரர்களெல்லாம் மூட்டை கட்டியபோது, நான் போகமாட்டேன் என்று இங்கேயே இருந்துவிட்டார்கள். இதோ பாருங்கள், வந்ததிலிருந்து முதுகு நாற்காலியில் படவில்லை. அதுதான் ராஜ ரத்தம்." கூட்டம் அவள் முதுகைப் பார்த்தது. முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. அதற்கு வேறு வழி தெரியாது. ராஜ ரத்தமில்லை ஐயா, பலகை. ஒரு சாண் அகலப் பலகை, அதில் இரண்டு தோல் வார். சிறுவயதில், இங்கிலாந்தில், மிஸ் க்ரேல் என்று ஒரு ஆசிரியை வீட்டோடு இருந்தாள். பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு, பிரபு வீட்டுப் பெண்ணுக்கு வேண்டியது கொஞ்சம் பிரெஞ்சு, கொஞ்சம் பியானோ, நேரான முதுகு. காலையில் பாடம் முடியும் வரை பலகையை முதுகில் வைத்துத் தோளோடு கட்டிவிடுவாள். ஹெஸ்டர், முதுகு. வாரை அவிழ்த்த பிறகும் பலகை அங்கேயே இருக்கும், சாப்பிடும்போது, தூங்கும்போது, கனவில் ஓடும்போதுகூட. இப்போது இடுப்புக்கு மேலே ஒரு முள் ஏறிக்கொண்டிருந்தது. சாய்ந்துகொள்ள ஆசையாக இருந்தது. வெல்வெட் பின்னால்தான் இருக்கிறது, நாலு விரல் தூரம். சாய்ந்தால் என்ன. சாய்ந்தால், அம்மாவுக்குத் தள்ளவில்லை என்பார்கள். தள்ளவில்லைதான். ஆனால் தள்ளவில்லை என்று அவர்கள் சொன்னால் அடுத்து 'நாங்கள் இருக்கிறோம், பார்த்துக்கொள்கிறோம்' என்பார்கள், பார்த்துக்கொள்வதென்றால் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஆள், வாசலில் ஒரு ஆள்.

அவள் பெயர் ஹெஸ்டர். லேடி ஹெஸ்டர் பென்ரோஸ். வந்த புதிதில் லேடி என்பதுதான் பெயரென்று நினைத்து லேடியம்மா என்றார்கள். தேவாலயத்துக்காரர்கள் ஹெஸ்டரை எஸ்தர் ஆக்கினார்கள். சந்தைக்கு வருகிற கிழவர்களுக்கு இன்றைக்கும் அவள் துரைசாணி. ஹெஸ்டர் என்று வாய்விட்டுச் சொல்லக்கூடியவர்களில் மிச்சமிருப்பது ஒருத்திதான், ஒன்றுவிட்ட சகோதரி ஃப்ளோரா. அவளும் கடலுக்கு அந்தப் பக்கம். பெயரில்லாமல் இத்தனை காலம் ஓட்டியது கஷ்டமாக இல்லை. ஆனால் சமீபத்தில், குளிக்கும்போது, தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டு அந்தப் பெயரைத் தனக்குத் தானே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். யாரையோ கூப்பிட்டது போலிருந்தது. அந்த யாரோ திரும்பிப் பார்க்கவில்லை.

கைதட்டல். எதற்கென்று அவள் கவனிக்கவில்லை, தலையை மட்டும் அசைத்தாள். கைதட்டல் என்றாலே அவளுக்கு ஆகாது. அது அப்பா வீட்டுச் சாப்பாட்டு அறையில் ஆரம்பித்தது. தம்பி ரூபர்ட்டுக்கு லத்தீன் சொல்லித்தர ஒருவர் வருவார். அந்த அறைக் கதவுக்கு வெளியே, படிக்கட்டுக்கு அடியில், துணிமணி வைக்கிற இருட்டுப் பொந்தில் அவள் உட்கார்ந்திருப்பாள். மென்சா, மென்சா, மென்சாம். மேஜை, மேஜையே, மேஜையை. அர்த்தம் பாதிக்கு மேல் தெரியாது. தெரியாததுதான் ருசி. ரூபர்ட் திணறும் இடத்தில் அவள் பொந்துக்குள் உதட்டை அசைத்துச் சரியாகச் சொல்வாள், அந்தச் சொல் தன்னுடையதாகிவிட்டது போல ஒரு சூடு காதுவரை பரவும். ஒரு நாள் பிடிபட்டுவிட்டாள். அப்பா அடிக்கவில்லை. திட்டியிருக்கலாம். சிரித்தார். அன்றைக்கு விருந்துக்கு வந்தவர்கள் முன்னால் அவளை நாற்காலி மேல் ஏற்றி நிறுத்தி, சொல் பார்க்கலாம் என்றார். சொன்னாள். பிரபுக்களும் அவர்கள் மனைவிமாரும் கை தட்டினார்கள், கிளி பேசினால் தட்டுவது போல. ஒரு பெரிய மனிதர் திராட்சைப் பழம் ஒன்றை எடுத்து அவள் வாயில் வைத்தார். அதற்கப்புறம் அந்தப் பொந்துக்குள் போகவே அவளுக்குப் பிடிக்கவில்லை. யாரும் தடுக்கவில்லை, போகச் சொன்னார்கள், இன்னும் என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவளுக்குத்தான் வரவில்லை. ஆக, வாழ்நாளில் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் போகாதவள். தில்லைநாயகத்துக்கு இது தெரியாது. தெரிந்தாலும் அதையும் ஒரு பெருமையாகப் பேசிவிடுவார், அவருக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு.

"சோடா சாப்பிடுறீங்களாம்மா" என்று அருளம்மை கேட்டாள். வேண்டாமென்று கண்ணால் சொன்னாள். குடித்தால் நடுவில் எழுந்து போக வேண்டிவரும், இந்தச் சிங்கங்களுக்கு நடுவிலிருந்து எழுந்து, கூட்டத்தைக் கடந்து, பள்ளிக்கூடத்துப் பின்கட்டுக்கு. வேண்டவே வேண்டாம். அரசர் முன்னால் போன அன்றைக்கும் இதே கவலைதான், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. பெரிய வீட்டுப் பெண்களை அரசருக்கு அறிமுகம் செய்யும் சடங்கு அது. தலையில் மூன்று வெள்ளை இறகு, பின்னால் தரையைத் துடைத்துக்கொண்டு வரும் நீளத் துணி. முதுகைக் காட்டக் கூடாது, வணங்கிவிட்டு அப்படியே பின்னோக்கி நடந்து வெளியே வர வேண்டும். வீட்டில் போர்வையைக் கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் பழகினாள். அதற்குப் பிறகு ஒரு சர் பட்டக்காரர் பெண் கேட்டு வந்தார். நல்ல மனிதர். நாய்களைப் பற்றி மட்டும் பேசுவார். அவர் வீட்டு வரவேற்பறையில் அவளுக்கென்று ஒரு நாற்காலியைக்கூடக் காட்டினார், ஜன்னலோரம், இங்கேதான் என் அம்மா உட்காருவார் என்று. அந்த நாற்காலியைப் பார்த்த மறுவாரம் சென்னையில் பெரிய உத்தியோகத்திலிருந்த சித்தப்பாவிடம் ஒரு குளிர்காலம் தங்கிவருகிறேன் என்று கப்பலேறினாள். ஒரு குளிர்காலம். சித்தப்பா சுற்றுப்பயணம் வந்தபோது கூட வந்து, இந்த ஊரில் ஒரு கிட்டங்கி வாசலில் பருத்தி ஆய்ந்துகொண்டிருந்த சிறு பெண்களைப் பார்த்தாள். அவர்களில் ஒருத்தி தரையில் விரலால் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். எழுத்தல்ல, வெறும் கோடு. ஹெஸ்டர் பார்ப்பதைக் கண்டதும் உள்ளங்கையால் அழித்துவிட்டாள். அந்த அழித்த கைதான் காரணம் என்று பின்னால் பல மேடைகளில் சொல்லியிருக்கிறாள். உண்மைதான். பாதி உண்மை. மீதிப் பாதி, ஜன்னலோரத்து நாற்காலி. அதை எந்த மேடையிலும் சொன்னதில்லை. ஓடி வந்தவளைத் தியாகி என்கிறார்கள், தியாகி எப்படி மறுபடி ஓடிப்போக முடியும், இதுதான் சிக்கல், எங்கே சுற்றினாலும் நினைப்பு இந்த இடத்தில் வந்து துணி ஆணியில் மாட்டுவது போல மாட்டிக்கொள்கிறது.

எறும்பு நகர்ந்தது. கழுத்துக்குப் பின்புறம் போய்விட்டது. நல்லது. போட்டோக்காரர் வந்துசேர்ந்தார், முக்காலியை ஊன்றி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, "அம்மா கொஞ்சம் சிரிச்ச முகமா" என்றார். சிரித்தாள். வெளிச்சம் அடித்தது. மாலை ஒருவழியாகக் கழன்றது. கழன்ற கையோடு தில்லைநாயகம் ஒரு பொன்னாடையைப் போர்த்தினார். மார்ச் மாத வெயிலில், ஈரச் சட்டைக்கு மேல், பட்டும் ஜரிகையும். கூட்டத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெண்கள் பக்கத்தில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள், சில பேருடைய பேத்திகள் இப்போது படிக்கிறார்கள். முகங்களை ஒவ்வொன்றாகத் தேடினாள். யாரைத் தேடுகிறோம் என்று சற்றுப் பின்னால்தான் புரிந்தது. வேலுத்தாயை. அவள் எப்படி இங்கே இருப்பாள். வருஷங்களுக்கு முன்னால் பள்ளிக்கூட விடுதிச் சுவரைத் தாண்டி ஓடிய பெண். நெல்லிமரத்தில் ஏறி, கிளையிலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து ரோட்டுக்கு. சந்தைப்பேட்டையில் பிடித்துக் கூட்டி வந்தார்கள், முழங்காலில் ரத்தம். யாராவது அடித்தார்களா, சாப்பாடு சரியில்லையா, வீட்டு ஞாபகமா, ஏன் ஓடினாய் என்று கேட்டாள் ஹெஸ்டர். பெண் தரையைப் பார்த்தபடியே, "கதவு பூட்டியிருந்துச்சு" என்றது. அவ்வளவுதான். வேறு காரணம் கிடையாது. அன்று ராத்திரியே கதவைப் பூட்ட வேண்டாமென்று சொல்லிவிட்டாள். கதவு திறந்திருந்தவரைக்கும் வேலுத்தாய் எங்கும் போகவில்லை, திறந்த வாசலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போடுவாள். பெற்றோர்கள்தான் திரண்டு வந்தார்கள், வயசுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கதவைத் திறந்து போடுவதா என்று. அவர்கள் சொன்னதும் நியாயம். மறுபடி பூட்டினார்கள். அந்த வாரமே வேலுத்தாய் போய்விட்டாள், இந்த முறை யார் கையிலும் அகப்படவில்லை. சட்டசபையில் பெண் கல்விக்காக எழுந்து பேசியபோதெல்லாம், சிறார் கோர்ட்டில் கௌரவ மாஜிஸ்திரேட்டாக உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையையும் எங்கே அனுப்புவதென்று தீர்மானித்தபோதெல்லாம், அந்த ஒரு வாக்கியம் பக்கத்தில் வந்து நிற்கும். அதற்கு எந்தச் சட்டத்தின் கீழ் என்ன பதில் சொல்வது.

ஃப்ளோரா கடற்கரையோரம் இரண்டு அறை வீடு ஒன்று வைத்திருக்கிறாள். வந்து இருந்துகொள் என்று எழுதியிருந்தாள், கூடவே எச்சரிக்கையும்: இங்கே மழை ஓயாது, கறி விலை அதிகம், உன்னை இங்கே யாருக்கும் தெரியாது. கடைசி வரியை ஹெஸ்டர் மிட்டாய் போல வாயில் அடக்கிக்கொண்டு திரிந்தாள். யாருக்கும் தெரியாது. ரொட்டிக் கடைக்குப் போய் வரிசையில் நின்றால் யாரும் வழிவிட மாட்டார்கள். மழையில் நனைந்தால் யாரும் ஓடி வந்து குடை பிடிக்க மாட்டார்கள். கூன் போட்டு நடக்கலாம். ஏப்ரலில் கப்பல் இருக்கிறது. பெட்டியிலிருந்து கம்பளிக் கோட்டை எடுத்து, பாச்சை உருண்டை வாசனை போக மொட்டை மாடியில் உலர்த்தினாள். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. அருளம்மையிடம் சொல்லத்தான் வேண்டும். பக்கத்திலேயே இருந்து துணைத் தலைமையாசிரியையாகவே தலை நரைத்தவள், ஹெஸ்டர் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது கதவை முட்டித் திறந்து வந்து தூக்கி உட்கார வைத்து, ஒரு வார்த்தை வெளியே விடாதவள். சொல்லலாமென்று வாயெடுக்கும்போதெல்லாம் அருளம்மைக்கு ஏதாவது வேலை வந்துவிடும், 'இந்தா வந்துர்றேம்மா' என்று சாவிக்கொத்தோடு போய்விடுவாள். ஹெஸ்டருக்கு அதில் ஒரு நிம்மதி. இன்றைக்கில்லை, நாளைக்குச் சொல்லலாம். பயம் எதற்கென்று அவளுக்கே தெளிவில்லை. இங்கே செத்தால் ஊர் கூடி ஊர்வலம் போகும், சிங்க நாற்காலியில் உட்கார்த்தி வைத்தாலும் வைப்பார்கள், ஒவ்வொருவரும் பேசி முடிக்கிற வரை புதைக்க மாட்டார்கள். அங்கே செத்தால் ஃப்ளோராவும் பாதிரியும். அது போதும். அது போதுமா? அந்த மழையில் எலும்பு தாங்குமா, அந்த ஊர்ப் பேச்சு வாயில் வருமா, இப்போதெல்லாம் இங்கிலீஷ் பேசும்போது சொல் தேடுகிறாள்.

"இன்றைக்கு ஒரு மகிழ்ச்சியான சேதி" என்றார் தில்லைநாயகம், குரலை இறக்கி. மகிழ்ச்சியான சேதிக்குக் குரலை இறக்குவது அவர் வழக்கம். "நம் ஊருக்குப் பெண்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வருகிறது. அரசாங்கம் உத்தரவு கொடுத்துவிட்டது. ஜின்னிங் மில்லுக்குப் பின்னால் இருக்கிற என் சொந்த நிலத்தை அதற்கு எழுதிக் கொடுக்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை. அம்மையார்தான் முதல்வராக இருக்க வேண்டும். அவர்கள் மூச்சிருக்கும் வரை அவர்கள்தான்." கைதட்டல் எழுந்தது. கையமர்த்தினார். "இன்னும் ஒன்று. அந்த நிலத்தில் கிழக்கோரம் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதன் அடியில் ஒரு இடத்தைக் கல் நட்டு ஒதுக்கி வைத்திருக்கிறேன். இந்த மண்ணுக்கு உழைத்த உடம்பு இந்த மண்ணில்தான் அடங்க வேண்டும். அம்மையாரை நாம் யாருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டோம்."

இப்போது எழுந்த கைதட்டல் பந்தல் துணியை அசைத்தது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். ஹெஸ்டரின் கைகள் தாமாகவே கூப்பிக்கொண்டன. கல் நட்டிருக்கிறார்கள். அளந்திருப்பார்கள். அளக்கும்போது எவ்வளவு உயரமென்று யாரைக் கேட்டிருப்பார்கள், அம்மா நல்ல உயரம், கொஞ்சம் தாராளமாகவே விடுங்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அன்பாகத்தான். இதில் குற்றம் சொல்ல ஒருவரும் இல்லை, அதுதான் கழுத்தை நெரிக்கிறது. கெட்டவர்கள் கட்டினால் அறுத்துக்கொண்டு போகலாம். பொன்னாடைக்குள் வியர்வை வரிவரியாக இறங்கியது. நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்டு, இரண்டாகச் சேர்த்து அடித்தது. இங்கேயே, இந்த நாற்காலியிலேயே முடிந்துவிடுமோ. அப்படி முடிந்தால் அவர்களுக்கு எவ்வளவு சௌகரியம்.

"கேட்டீங்களாம்மா" என்றாள் அருளம்மை, முன்னால் பார்த்தபடியே.

"கேட்டேன்."

"வேப்பமரம் நல்ல நிழல்." அவள் முகத்தில் ஒன்றுமில்லை. மைக்கில் வேறு யாரோ வாழ்த்துப்பா படிக்க ஆரம்பித்திருந்தார். அந்தச் சத்தத்துக்குள் அருளம்மை கேட்டாள்: "எப்பம்மா கெளம்புறீங்க?"

ஹெஸ்டர் திரும்பினாள். முதுகில் முள் தைத்தது. "யார் சொன்னார்கள்?"

"யாரும் சொல்லல. மொட்டை மாடில கம்பளிக் கோட்டு காஞ்சுச்சு. இந்த ஊர்ல, இந்த வெயில்ல, அது யாருக்கு வேணும்."

"உங்களிடம் முதலில் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். ஒவ்வொரு முறையும் நீங்கள் எழுந்து போய்விடுகிறீர்கள்."

"வேணும்னுதாம்மா போனேன்."

"ஏன்?"

அருளம்மை சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைச் சுற்றிக்கொண்டாள். "நீங்க போனா நல்லாருக்கும்னு எனக்குத் தோணுச்சு. அப்படித் தோணுனது என் மூஞ்சில தெரிஞ்சிருமோன்னு பயம். நீங்க சொல்லச் சொல்லக் கேட்டுட்டு நான் அழுவணும்ல, அழுகை வரலன்னா என்ன செய்றது." நரைத்த முடியைக் காதோரம் ஒதுக்கிக்கொண்டாள். "நான் வேலைக்குச் சேர்ந்தப்ப எனக்கு முடி இடுப்பு வரைக்கும் கருகருன்னு இருக்கும். யார் வந்து எது கேட்டாலும், அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன். பிள்ளையைச் சேக்கணுமா, அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன். சுவத்துக்கு வெள்ளையடிக்கணுமா, அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன். நீங்க ஒண்ணும் கெடுதல் செய்யலம்மா. நீங்க இருக்கீங்க, அவ்வளவுதான்."

ஹெஸ்டர் முன்னால் திரும்பிக்கொண்டாள். படிக்கட்டுக்கு அடியில் இருட்டில் இன்னொருத்தி இத்தனை காலமும் உட்கார்ந்திருந்திருக்கிறாள். கதவுக்கு இந்தப் பக்கம் பாடம் நடத்திக்கொண்டிருந்தது நானா. இல்லை, அப்படி இருக்காது. இல்லை, அப்படித்தான். கோபமா வந்தது? கோபம் போல ஒன்று வந்து, நிற்க இடமில்லாமல் போனது. அதற்குள் வாழ்த்துப்பா முடிந்து, "அடுத்து அம்மையார் ஏற்புரை" என்று மைக் சொல்லிவிட்டது.

எழுந்தாள். தார் டின்கள் மூச்சு விட்டன. மைக்கை அவள் உயரத்துக்கு ஏற்றினார்கள். "பெரியோர்களே, தாய்மார்களே" என்றாள். உடனே கைதட்டினார்கள், இத்தனை வருஷமாகியும் அவள் வாயில் தமிழ் வந்தால் அவர்களுக்கு ஆச்சரியம் தீரவில்லை. "உங்கள் அன்புக்கு நன்றி. தலைவர் அவர்கள் நிலம் தருவதற்கு நன்றி." இதோடு நிறுத்தி உட்கார்ந்துவிடலாம். பாதையொன்று அந்தப் பக்கம் வழுக்கிக்கொண்டு போனது, எளிதாக, வெல்வெட் நாற்காலி வரைக்கும், அங்கிருந்து வேப்பமரம் வரைக்கும். "ஆனால் கல்லூரியை நான் நடத்த முடியாது. எனக்கு வயதாகிவிட்டது. வருகிற மாதம் நான் இங்கிலாந்துக்குப் போகிறேன்."

முன்வரிசையில் ஒரு பெரியவர் பாதி எழுந்து, குழந்தைக்குச் சொல்வது போல, "அப்படிச் சொல்லக் கூடாதும்மா. போயிட்டு வர்றேன்னு சொல்லுங்க" என்றார். கூட்டம் நிம்மதியாகச் சிரித்தது. அதுதானே, அம்மாவுக்குச் சொல் தவறிவிட்டது. தமிழ் சொல்லித்தந்த முன்ஷி முதல் வாரத்திலேயே இதைச் சொல்லித்தந்தார், இந்தப் பாஷையில் போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை, செத்தவர்கள்தான் போவார்கள், உயிரோடிருப்பவர்கள் போய்விட்டு வருவார்கள். தபாலாபீசுக்குப் போவதானாலும் அவள் அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறாள். எவ்வளவு அழகான வழக்கு என்று ஃப்ளோராவுக்குக்கூட எழுதியிருக்கிறாள். இப்போது அந்தச் சொல் அவள் முன்னால் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது, சிரித்த முகமாக. "இல்லை" என்றாள். "போகிறேன்."

தில்லைநாயகம் விரைந்து வந்து மைக்கைத் தன் பக்கம் திருப்பினார். "அம்மையாருக்கு எத்தனை வருஷமானாலும் நம்ம தமிழோட இந்த நெளிவுசுளிவு மட்டும் பிடிபடல. வேற ஒண்ணும் இல்ல. சொந்த பந்தத்தைப் பாத்துட்டு, கொஞ்சம் குளுகுளுன்னு இருந்துட்டு, ஜூன் மாசம் காலேஜ் தெறக்கையில டாண்ணு வந்து நிப்பாங்க. நாம சந்தோஷமா வழியனுப்பி வைப்போம்." கைதட்டல். சாப்பாட்டு அறை, திராட்சைப் பழம். ஹெஸ்டர் நின்றுகொண்டே இருந்தாள். சொல்லிவிட்டாள், சொன்னதை எடுத்து, துடைத்து, வேறு உறையில் போட்டுத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டார்கள். யாரோ முழங்கையைப் பிடித்து நாற்காலிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். உட்கார்ந்தாள். இந்த முறை முதுகு தானாகவே சாய்ந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை.

ஏனென்றால் அருளம்மை எழுந்து மைக்குக்குப் போய்க்கொண்டிருந்தாள். நிகழ்ச்சி நிரலில் அவள் பெயர் இல்லை. எந்த மேடையிலும் அவள் பேசியதில்லை, தண்ணீர் டம்ளரை எடுத்து வைத்திருக்கிறாள், குத்துவிளக்குக்குத் திரி திரித்திருக்கிறாள். மைக் அவளுக்கு உயரமாக இருந்தது. இறக்காமல் தலையை நிமிர்த்திப் பேசினாள்.

"எனக்குக் காது நல்லாக் கேக்கும். அம்மா போயிட்டு வர்றேன்னு சொல்லல. போறேன்னுதான் சொன்னாங்க. ரெண்டு தடவை சொன்னாங்க." பெண்கள் பக்கம் திரும்பினாள். "அவங்க தமிழ்ல ஒரு தப்பும் இல்ல. போகட்டும். நம்மளை ஆளாக்கிட்டாங்க, இன்னும் எத்தனை நாளைக்கு அவங்களைப் பிடிச்சு வச்சுக்கிட்டு இருப்போம். காலேஜை நான் நடத்துவேன். என்னால முடியும், அது இந்தப் பக்கம் உக்காந்திருக்கிற பொம்பளைக எல்லாருக்கும் தெரியும். அம்மா இல்லன்னா நிலம் இல்லன்னு சேர்மன் சொன்னா, அதையும் இப்பவே, எல்லார் முன்னாலயும் சொல்லிரட்டும். நாங்க வேற இடம் பாத்துக்கிறோம்."

யாரும் தட்டவில்லை. தில்லைநாயகம் துண்டால் முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார். பெண்கள் பக்கத்திலிருந்து, "சொல்லுங்க சேர்மன்" என்று ஒரு குரல் வந்தது, அதட்டலாக இல்லை, வாத்தியாரம்மா பாடம் கேட்கிற தொனியில். வேறு சில பெண்கள் பாயிலிருந்து எழுந்து நின்றார்கள். அவர் கூட்டத்தைப் பார்த்தார், ஹெஸ்டரைப் பார்த்தார். அவள் சாய்ந்தபடியே அவர் கண்ணைப் பார்த்தாள். "கொடுத்தது கொடுத்ததுதான்" என்றார் கடைசியில். "நான் ஒரு சொல் சொல்லிட்டு மாத்துற ஆளில்ல." அதற்குப் பிறகுதான் கைதட்டல், அதுவும் பெண்கள் பக்கத்திலிருந்து தொடங்கி. ஹெஸ்டர் தட்டலாமென்று கையெடுத்தாள். கை வரவில்லை. கதவு திறந்துவிட்டது. ஒரு நொடியில், ஒரு 'போகட்டும்' என்ற சொல்லில். அவள் இத்தனை மாதம் புழுங்கியது இதற்குத்தானா. நெஞ்சுக்குள் காற்று வந்தது நிஜம். அதற்கு அடியிலேயே சின்னப் பிள்ளைத்தனமாக ஒரு வலி: ஒருவரும் அழவில்லையே. அந்தப் பெரியவர்கூட இப்போது அருளம்மையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வைகள் ஒவ்வொன்றாகத் தன் மேலிருந்து கழன்று போவதை, குளிர்ந்த இடத்தில் துணி விலகுவது போல, தோல் உணர்ந்தது. இதைத்தானே கேட்டாய் ஹெஸ்டர், இதைத்தானே வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தாய்.

அருளம்மை வந்து மணமகள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நன்றியுரை சொல்பவர் பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

"டிக்கெட் எடுத்தாச்சாம்மா" என்று அருளம்மை மெதுவாகக் கேட்டாள்.

கப்பல் கம்பெனிக்கு ஹெஸ்டர் இன்னும் எழுதக்கூட இல்லை. ஃப்ளோராவுக்கு 'வருகிறேன்' என்று எழுதிய பதிலும் மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது. கோட்டை வெயிலில் போட்டாள், மறுபடி எடுத்து மடித்து வைத்தாள், மறுபடி போட்டாள். அதற்குமேல் ஒன்றும் செய்திருக்கவில்லை. அதை இந்தக் கணம் வரைக்கும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டதும் இல்லை.

"எடுக்க வேண்டும்" என்றாள்.

அருளம்மை தலையாட்டினாள். பள்ளிக்கூடத்துக்குச் சாக்பீஸ் வாங்க வேண்டுமென்றால் ஆட்டுவாளே, அப்படி. "நாளைக்குக் காலையிலேயே தந்தி குடுத்திரலாம்மா" என்றாள். "நான் பாத்துக்கிறேன்."